ஏழாம் மாதப் பெட்டி

அம்சத்தின் வாயில் 'இல்லை' என்ற சொல் வராது. வலங்கைமானுக்குக் கிழக்கே அவள் இருக்கிற தெருவில் இது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. அரிசி தீர்ந்துபோனால் "அரிசி நிறைஞ்சிருக்கு, வரும்போது வாங்கிட்டு வாங்க" என்பாள். விளக்கை அணைக்கச் சொல்ல மாட்டாள், அமர்த்தச் சொல்வாள். பூக்காரியிடம்கூட 'வேண்டாம்' என்று சொல்ல வராமல் "நாளைக்குப் பாப்போமே" என்பாள். பூக்காரியும் விடாமல் மறுநாள் வந்து நிற்பாள். அவள் புருஷன் வீரையன் உயிரோடு இருந்தவரை, "நம்ம வீட்டுல என்னிக்கு எது நிறையுதோ அன்னிக்கு எனக்கு அலைச்சல்" என்று சொல்லிச் சிரிப்பான்.

அதற்காக அவளைப் பயந்த சுபாவம் என்று நினைத்துவிட வேண்டாம். அவள் அம்மா கூலிக்கு நட்ட வயலை, பட்டணத்துக்குப் போய்விட்ட நிலக்காரரின் பேரனிடம் பேரம் பேசித் தன் பெயருக்கு எழுதி வாங்கியவள். நடவு ஆட்களைத் திரட்டிக்கொண்டு முன்னால் போகிறவள். முறைத் தண்ணீரை யாராவது மடை திருப்பினால் மண்வெட்டியோடு போய் நிற்பாள். அப்படிப்பட்டவள்தான் கையகல போனிடம் மாட்டிக்கொண்டாள்.

மருமகள் எழில்மொழி மூன்று மாதமாக இருந்தபோது நடந்தது அது. எழில் கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிற வேலை பார்த்தாள். நாளெல்லாம் உட்கார்ந்தே இருந்ததில் இடுப்பு வலி. பிள்ளைத்தாய்ச்சிகள் கட்டிக்கொண்டு படுக்கிற நீளத் தலையணை ஒன்றை அம்சம் போனில் பார்த்தாள். மகன் புகழேந்தி சென்னையில் வேலையாக இருந்தான். அவனைக் கேட்டால் 'பாக்கலாம்மா' என்பான். அவளே ஆர்டர் போட்டாள். அன்று வெள்ளிக்கிழமை. விளக்கேற்றிவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

பணம் கட்டப் போகும்போது திரையில் ஒன்று குறுக்கே வந்து நின்றது. மாதாமாதம் தாய்க்கும் சேய்க்கும் ஒரு பெட்டி வருமாம். கீழே பச்சைப் பட்டையில் பெரிதாக, 'ஆம், என் குழந்தை நலமாக வளர வேண்டும்'. அதற்கும் கீழே கண்ணுக்குத் தெரியாத சாம்பல் எழுத்தில், 'இல்லை, என் குழந்தைக்கு வேண்டாம்'. விளக்கு எரிகிற வீட்டில் எந்தப் பொம்பளை இரண்டாவதை அமுக்குவாள்? இதை யோசித்து எழுதியவன் நன்றாக இருக்கட்டும். அம்சம் கன்னத்தில் போட்டுக்கொண்டு பச்சையை அமுக்கினாள். தாயின் பெயர் என்ன, எத்தனையாவது மாதம் என்று கேட்டது. சொன்னாள்.

முதல் இரண்டு பெட்டிகள் வந்தபோது சந்தோஷமாகத்தான் இருந்தது. பேரீச்சம்பழம், பாதாம் பொடி, குழந்தை படம் போட்ட அட்டை ஒன்று. பாங்கில் மாதாமாதம் பணம் தானாகப் போவது அவளுக்கு உறைக்கவே இல்லை. ஆவணியில் ஒருநாள் எழிலுக்கு வயிறு வலித்தது. கும்பகோணம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். யார்மேலும் குற்றமில்லை, சிலருக்கு இப்படி ஆகும் என்றார் டாக்டரம்மா.

வீட்டில் அதை யாரும் பெயர் சொல்லிப் பேசவில்லை. 'எழிலுக்கு உடம்பு முடியலை' என்றுதான் வந்தவர்களிடம் அம்சம் சொன்னாள். புகழேந்தி ஒரு வாரம் தரையைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டுச் சென்னைக்குத் திரும்பினான். எழில் வேலைக்குப் போகவில்லை, அம்மா வீட்டுக்கும் போகவில்லை. சொன்னால் சாப்பிட்டாள், சொன்னால் படுத்தாள். அழக்கூட இல்லை. அழுதிருந்தால் அம்சத்துக்குப் பாதி பாரம் இறங்கியிருக்கும்.

அந்த நேரத்தில் வந்தது ஐந்தாம் மாதப் பெட்டி. வாசலில் அம்சம் நின்றதால் தப்பித்தது. 'உங்கள் செல்லம் இப்போது ஒரு வாழைப்பழ நீளம்' என்று மேலேயே அச்சடித்திருந்தது. முந்தானையில் மூடி எடுத்துக்கொண்டு போய் வயலில் மோட்டார் கொட்டகைக்குள் யூரியா மூட்டைக்குப் பின்னால் தள்ளினாள்.

அன்றிலிருந்து அவளுக்கு ஒரு இடத்தில் கால் தரிக்கவில்லை. நாற்றங்காலில் நிற்பாள், தெருவில் வண்டிச் சத்தம் கேட்டால் சேற்றுக்காலோடு வரப்பில் ஓடி வருவாள். பால் வண்டியாக இருக்கும். திரும்பிப் போவாள். கொஞ்ச நேரத்தில் மறுபடி ஓடி வருவாள். "அம்சக்காவுக்கு என்ன ஆச்சு?" என்று நடவுப் பெண்கள் கேட்டார்கள். "வீட்டுல அடுப்பை அமத்துனேனா தெரியலை" என்பாள். எத்தனை நாளைக்கு அடுப்பையே சொல்வாள்?

போனில் அதை நிறுத்தப் பார்த்தாள். எங்கே தொட்டாலும் சுற்றிச் சுற்றிப் பெட்டி படத்துக்கே கொண்டுவந்து விட்டது. கடைசியில் எப்படியோ ஒரு இடத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். அங்கே கேட்டிருந்தது: 'உங்கள் குழந்தையின் பயணத்தை முடித்துவிடவா?' கீழே, 'ஆம், முடித்துவிடு'. அம்சம் போனைப் பாயில் எறிந்துவிட்டாள். அவள் விரல் அதைத் தொடுமா?

ஆறாம் மாதப் பெட்டியை மதகடியிலேயே மறித்து வாங்கினாள். "திருப்பி அனுப்பிடலாம்க்கா," என்றான் கூரியர் பரிதி. "ஆனா நீங்க நிறுத்தாம அது நிக்காது. பெட்டிக்கு அடியில நம்பர் இருக்கு பாருங்க, பேசிடுங்க." பேசுகிறேன் பேசுகிறேன் என்றே ஒரு மாதத்தை ஓட்டினாள். என்னவென்று பேசுவது?

ஐப்பசி பிறந்து ஒருநாள் காலையில் போனில் செய்தி வந்தது. 'உங்கள் ஏழாம் மாத வளைகாப்புப் பெட்டி தயார்! கண்ணாடி வளையல்களோடு நாளை புறப்படுகிறது.' வளையல். அதை எழில் பிரித்துப் பார்த்தால்? பரிதி வேறு ஊருக்குப் போயிருந்தான். புதிதாக வருகிறவன் நேரே வாசலில் நின்று எழில் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவான்.

எழில் உள்ளே படுத்திருந்தாள். அம்சம் கொல்லைக்கு வந்து, சிக்னல் கிடைக்கிற முருங்கை மரத்தடியில் நின்று நம்பரைப் போட்டாள். பாட்டு ஓடியது. நின்ற இடத்திலேயே நாலு தடவை சுற்றி வந்தாள். பிறகு ஒரு பெண் குரல்.

"வணக்கம் மேடம். அம்மாவுக்கும் குட்டிக்கும் எங்க வாழ்த்துகள். சொல்லுங்க."

"ஏழாம் மாசப் பெட்டி அங்கயே இருக்கட்டும்மா."

"ஏன் மேடம்?"

"இங்க நிறைஞ்சிருக்கும்மா."

"ஓ, ஏற்கெனவே நிறைய இருக்கா? பரவாயில்லை மேடம், பதினஞ்சு நாள் தள்ளி அனுப்பச் சொல்றேன்."

"தள்ளினாலும் அங்கயே இருக்கட்டும்மா. இனிமே எப்பவும் அங்கயே."

"உங்க குழந்தை நல்லா வளரத்தானே மேடம் அனுப்புறோம்? இந்த மாசம் வளையலெல்லாம் இருக்கு. சீமந்தத்துக்கு ஆகும்."

"அது... அதுக்கு உடம்பு முடியலைம்மா."

"அச்சச்சோ. அப்ப சத்து மாவு டப்பா ஒண்ணு கூடுதலா வைக்கச் சொல்லவா மேடம்?"

அந்தப் பெண்மேல் தப்பில்லை. எழுதிக் கொடுத்ததைப் படிக்கிறாள். ஆனால் அம்சத்துக்கு எங்கிருந்தோ ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. பச்சைப் பட்டைமேல், வாழைப்பழத்தின்மேல், இத்தனை நாளாக வார்த்தையைச் சுற்றிச் சுற்றியே வந்த தன்மேல்.

"புள்ளை இல்லைம்மா," என்றாள். குரல் தெருவரைக்கும் கேட்டிருக்கும். "எங்க வீட்டுல புள்ளை இல்லை. ஆவணியிலேயே செத்துப் போச்சு. இல்லாத புள்ளைக்கு எதுக்கும்மா வளையல்?"

அந்தப் பக்கம் தூரத்தில் வேறு யார் யாரோ வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்தது மட்டும் கேட்டது. பிறகு, "நிறுத்திட்டேம்மா," என்றாள் அந்தப் பெண். மேடம் என்று சொல்லவில்லை. "இனிமே வராது. மன்னிச்சுக்குங்கம்மா."

அம்சம் போனை இறக்கிவிட்டுத் திரும்பினாள். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் எழில் நின்றுகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள் என்று முகத்திலேயே தெரிந்தது. அம்சத்துக்குத் தன் வாயைக் கிழித்துக்கொள்ளலாம் போலிருந்தது. எது இவள் காதில் விழக்கூடாது என்று காடுமேடெல்லாம் ஓடினாளோ, அதைத் தானே கத்திச் சொல்லியிருக்கிறாள்.

"எழிலு, நான் வந்து..."

"பொண்ணு, அத்தை," என்றாள் எழில்.

அம்சம் போனை இடுப்பில் செருகிக்கொண்டு ஒரு எட்டு முன்னால் வந்தாள்.

"நான் பாத்தேன். நர்ஸம்மா துணியை விலக்கிக் காட்டுனாங்க." எழிலுக்கு உதடு கோணியது. "இத்தனை நாள்ல யாருமே என்கிட்ட கேக்கலை. உங்க புள்ளைகூடக் கேக்கலை. அப்படி ஒண்ணு வரவே இல்லைங்கிற மாதிரி இருக்கீங்க எல்லாரும்." அதற்கு மேல் பேச முடியாமல் கல்லில் உட்கார்ந்து, தேக்கி வைத்திருந்ததெல்லாம் உடைந்து அழுதாள்.

அம்சம் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அவள் கண்ணிலும் நீர் வழிந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. எழிலின் தலையை இழுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். தெருவில் ஏதோ வண்டி வந்து நின்ற சத்தம் கேட்டது. எழுந்து ஓடவில்லை.

எழிலின் அழுகை கொஞ்சம் அடங்கியதும் அம்சம் கேட்டாள்.

"யாரு மாதிரிம்மா இருந்தா?"

"நெத்தி உங்களுது, அத்தை," என்றாள் எழில்.