மெயிலின் அடியில் பெருமாள்

கம்ப்யூட்டர் சர்வீஸ் தொழிலில் வைரஸைக்கூடச் சமாளித்துவிடலாம். மெயிலுக்கு அடியில் லோகோ வேண்டும் என்று வருபவர்களைச் சமாளிக்க முடியாது. தென்னூரில் கடை வைத்திருக்கும் நான் இதைச் சொன்னால் வீட்டில் சிரிக்கிறார்கள். இதே தொழிலில் அல்லல்படும் உங்களுக்காவது புரியும் என்றுதான் எழுதுகிறேன்.

கையெழுத்து

மன்னார்புரத்தில் மனை விற்கும் ஒருவர், தான் அனுப்பும் ஒவ்வொரு மெயிலின் கீழும் பெயர், போன் நம்பர், லோகோ எல்லாம் தானாக வரவேண்டும் என்றார். எங்கள் தொழிலில் அதற்குச் சிக்னேச்சர் என்று பெயர். என் வாய் சும்மா இருக்காமல், "உங்க சிக்னேச்சரை நானே போட்டுடறேன் சார், பாஸ்வேர்டு மட்டும் சொல்லுங்க" என்று போனில் சொல்லிவிட்டது. அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்:

"ஏம்மா, என் கையெழுத்தை நான் போட்டே பத்திரத்துல ஆயிரம் தகராறு. இதுல நீங்க வேற போடப் போறீங்களா?"

மூட்டை சைஸ்

மண்ணச்சநல்லூர் ரைஸ் மில்காரர், லோகோ கேட்டதற்கு அரிசி மூட்டையைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். மூட்டையின் மேல் மயில். மயிலின் மேல் பாதிக்கு அவர் விரல். அதை வெட்டி, துடைத்து, அளவாக வைத்தேன். பத்தவில்லை என்றார். பெரிதாக்கினேன், இன்னும் கொஞ்சம் என்றார். கடைசியில் மெயிலைத் திறந்தால் திரை முழுக்க மயில்தான். 'வணக்கம்' மட்டும் மேலே ஓரமாக ஒதுங்கி நின்றது. "விஷயத்தைத் தேடிப் படிக்கணுமே சார்" என்றேன்.

"மயிலைப் பாத்துத்தாங்க அரிசி வாங்குறாங்க. கடுதாசியைப் பாத்தா வாங்குறாங்க?"

மேலா, கீழா?

ஸ்ரீரங்கம் சம்பத் மாமா கல்யாண சமையல் கான்ட்ராக்டர். லோகோவில் சங்கு, சக்கரம், நடுவில் திருமண். கையில் வேலை குறைந்துபோய், கூட இருக்கும் சமையல் ஆட்களை நிறுத்திவிடலாமா என்று அவர் கலங்கிக்கொண்டிருந்த சமயத்தில், அமெரிக்காவிலிருந்து ஒரு பெண்ணின் அப்பா சாப்பாட்டுப் பட்டியலை மெயிலில் கேட்டார். அந்தக் கல்யாணம் கிடைத்தால் யாரையும் நிறுத்த வேண்டாம்.

லோகோவை அடியில் வைத்தேன். மாமா பதறிவிட்டார். பெருமாளைக் கீழே எழுந்தருளப் பண்ணக்கூடாதாம். சரி என்று மேலே ஏற்றி, சோதனைக்காக மாமாவின் மெயிலிலிருந்து எனக்கு ஒன்று அனுப்பி, அதற்கு என் மெயிலிலிருந்து பதில் போட்டேன். என் பதில் மேலே வந்தது, பெருமாள் மறுபடி கீழே இறங்கிவிட்டார். 'பெருமாள் மேலே இருப்பதாகக் கொள்ளவும்' என்று ஒரு வரி எழுதித்தான் சமாளிக்க வேண்டும் போலிருந்தது. மாமாவே வழி சொன்னார்:

"பெருமாளுக்குக் கீழே பிரசாதம் இருந்தா சரிதானே? பட்டியலையும் அந்தப் படத்துக்குள்ளயே சேர்த்துடு. யாரும் நடுவுல வரமுடியாது."

நடை சாத்தியாச்சு

அப்படியே சேர்த்து அமெரிக்காவுக்கு அனுப்பினோம். பதிலே இல்லை. பொறுத்துப் பார்த்துவிட்டு மாமா என் கடையிலிருந்தே போன் செய்தார். "பட்டியல் வரலையே, வேற ஒருத்தரைப் பேசிண்டிருக்கோம்" என்றார் பெண்ணின் அப்பா. ஸ்பேமில் பார்க்கச் சொன்னேன். அங்கேதான் கிடந்தது. வெறும் படமாகப் போன மெயிலை விளம்பரம் என்று நினைத்து அவருடைய மெயில் பெட்டியே ஒதுக்கிவிட்டிருக்கிறது. திறந்தும் படம் வரவில்லையாம், காலிக் கட்டம்தானாம். "நடை சாத்தியிருக்குங்கறேளா?" என்று மாமா முனகினார்.

லோகோவைத் தூக்கிவிட்டு, அக்காரவடிசில் முதல் வெற்றிலை பாக்கு வரை வெறும் எழுத்தாகத் தட்டி அனுப்பினேன். மாமா கையைப் பிசைந்துகொண்டு நின்றார். நாங்கள் காபி குடித்து முடிப்பதற்குள் பதில் வந்தது: கல்யாணச் சமையல் மாமாவுக்குத்தான். மாமா வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, முதல் வேலையாக ஆட்களுக்குப் போன் போட்டார். லோகோ இல்லாமல் போய்விட்டதே என்றேன்.

"ரங்கத்தை விட்டுப் பெருமாள் அமெரிக்கா வரைக்கும் அலைவாரா? அலையறது நம்ம வேலைம்மா."

ஆக, லோகோ வைத்துத் தரப்படும் என்று வாசலில் போர்டு மாட்டியிருக்கும் நான், இதுவரை உருப்படியாகச் செய்த ஒரே வேலை ஒரு லோகோவை எடுத்ததுதான்.