உப்புப் பாத்தியில் பூட்ஸ்

பூட்ஸ் வரைந்தவன் நான்தான். முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

சின்னப்பாப்பா அக்கா மரக்காணம் உப்பளத்தில் நாற்பது வருஷமாக உப்பு வாருகிறவர். அவர் கணவர் சுப்ராயன், வேலை செய்யும் இடத்தில் குடிதண்ணீர் கேட்டு ஒருநாள் முழுக்க உப்பு லாரியை மறித்து நின்றவர். அவர் இறந்துபோன பிறகு அவரை வைத்து ஒரு காமிக்ஸ் போட்டேன். அதில் சுப்ராயன் பறப்பார், லாரியை ஒரு கையால் தூக்குவார். சாகசக்காரன் என்றால் முழங்கால் வரை பூட்ஸ் வேண்டாமா? மாட்டிவிட்டேன். இதே ஊரில் பிறந்து வளர்ந்தவன், புத்தி எங்கே போச்சோ!

அதைப் படமாக எடுக்க வந்தார்கள். கூட்டத்தில் நிற்க அக்காவையும் கூப்பிட்டிருந்தார்கள். ஹீரோ பூட்ஸோடு வரப்பிலிருந்து பாத்திக்குள் குதிக்கப் போனார்.

"ஏம்பா, நில்லு!" அக்கா போட்ட சத்தத்தில் கேமரா நின்றது. "செருப்பு போட்டுக்கினு எவன்னா பாத்தில எறங்குவானா? காலால மிதிச்சு மிதிச்சு கெட்டி பண்ண தரை. பேந்துச்சின்னா உப்பு பூரா சேறாப்பூடும்!"

டைரக்டர் கிருபா ஓடிவந்தார். "அம்மா, இது சினிமாங்க. அவர் பறக்கவே போறார். பூட்ஸ்தான் பிரச்சினையா?"

"பறக்கட்டும், யார் வேணாம்னது? அது கதைன்னு கொழந்தைக்கும் தெரியும். பூட்ஸ நெசம்னுல்ல நம்பிடுவாங்க? அந்த மனுசன எரிச்சப்போ ஒடம்பு பூரா சாம்பலாச்சு, பாதம் மட்டும் வேகலன்னு வந்து சொன்னாங்க. உப்புல ஊறின காலு. மறுபடியும் வெறகு வெச்சாங்க. அந்தக் காலுக்கா பூட்ஸ் மாட்டுறீங்க?"

கேட்டது அவரை, பார்த்தது என்னை. எனக்கு வெட்கத்தில் அழுகையே வந்துவிட்டது.

கிருபா பூட்ஸைக் கழற்றச் சொன்னார். ஹீரோ நாலு அடி வைப்பதற்குள் "ஐயோ" என்று வரப்பில் ஏறி உட்கார்ந்துவிட்டார். உப்புக்கல் சும்மா விடுமா? சரி, பாதத்தை மட்டும் வேறு ஆளை வைத்து எடுப்போம் என்றார்கள். அக்கா யாரையும் கேட்கவில்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கிவிட்டார்.

திண்டிவனத்தில் படம் பார்த்தோம். வெடிப்பு விழுந்த இரண்டு பாதங்கள் திரை முழுக்க நடந்து வந்தன. பிறகு ஹீரோவின் முகம். தியேட்டரே விசிலடித்தது. முகம் ஒருவருடையது, கால் ஒரு பெண்ணுடையது. இதைவிடப் பெரிய புளுகு உண்டா என்று சிரிப்பு வந்தது.

"அக்கா, உங்க காலு!" என்றேன்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இல்லடா மணிவண்ணா. அவரு காலுதான்."