இடியாத பாலம்

தேர்தலில் நிற்கப் போகிறேன் என்று சொன்னதும் என் மனைவி கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டுச் சிரித்தாள். "நம்ம வீட்டுப் பஞ்சாயத்தே தீர்ந்தபாடில்ல. ஊருக்குத் தீர்த்து வைக்கக் கெளம்பிட்டீகளாக்கும்!" எனக்குச் சுருக்கென்றது. அவளுக்கு அது வேலையற்ற வேலை. எனக்கு அப்படி இல்லை.

இணையத்தில் ஒரு வரைபடம் இருக்கிறது. காசு வாங்காமல் ஆயிரம் கைகள் சேர்ந்து வரைவது. அவரவர் ஊர்த் தெருவை, ஓடையை, கோயிலை, பள்ளிவாசலை அவரவரே சேர்க்கலாம். ஏலக்காய் வாங்கத் தோட்டம் தோட்டமாக ஜீப்பில் ஏறி இறங்குகிறவன் நான். போகிற வழியெல்லாம் போனில் பதிந்துகொண்டு வந்து, போடியில் இருக்கும் என் கடையில் உட்கார்ந்து மலைப்பாதைகளை ஒவ்வொன்றாக வரைந்தேன். ஆறு வருஷப் பைத்தியம்.

வரைகிறவர்களுக்குள் சண்டை வரும். இது பொதுப் பாதையா, எஸ்டேட்டின் சொந்தப் பாதையா என்பதில்தான் பாதிச் சண்டை. தீர்த்து வைக்க மூன்று பேர் கொண்ட குழு உண்டு. வருஷத்துக்கு ஒரு தேர்தல். நிற்கிறவர் இரண்டு வாரம் யார் என்ன கேட்டாலும் பதில் சொல்ல வேண்டும். பிறகு ரகசிய ஓட்டு. அங்கே எல்லோருக்கும் புனைபெயர்தான். புனைபெயருக்குப் பின்னால் இருக்கும் ஆளை வெளியே காட்டிக் கொடுப்பதைப் போலப் பெரிய குற்றம் அங்கே கிடையாது. அந்த விதி எனக்கு மனப்பாடம்.

ஏலக்காய் பறிக்கப் போகும் பெண்கள் தினமும் நடக்கிற ஒரு பாதையை, 'எஸ்டேட்டுக்குச் சொந்தம்' என்று எழுதி யாரோ இரண்டு முறை வரைபடத்திலிருந்து அழித்திருந்தார்கள். அந்த ஆத்திரத்தில்தான் நின்றேன். கொஞ்சம் பெருமைக்கும் ஆசைப்பட்டேன். இல்லையென்று ஏன் பொய் சொல்ல வேண்டும்?

முதல் சில நாட்கள் ஒரே புகழ்ச்சி. ஐந்தாம் நாள் ஒரு கேள்வி வந்தது. 'நீங்கள் ஏலக்காய் வியாபாரி. எஸ்டேட் முதலாளிகளிடம் சரக்கு வாங்குகிறவர். எஸ்டேட் பாதைத் தகராறு வந்தால் நடுநிலையாக இருப்பீர்களா?'

நான் என்ன தொழில் செய்கிறேன் என்று அங்கே யாரிடமும் மூச்சு விட்டதில்லை. அப்படியானால் இவன் உள்ளூர்க்காரன். என்னைத் தெரிந்தவன். என்னோடு டீ குடிக்கிறவனாகக்கூட இருக்கலாம்.

எங்கள் ஏலக் கூடத்தில் இப்போது எல்லாம் கம்ப்யூட்டர்தான். ஆனால் பழக்கம் மாறவில்லை. மாதிரிச் சரக்கு கைக்கு வந்தால் முகத்தில் ஒன்றும் தெரியக் கூடாது. பிடித்த சரக்கைப் பற்றி யாரிடமும் கேட்கக் கூடாது. பக்கத்தில் இருப்பவன், "இது எந்தத் தோட்டத்துச் சரக்கு பாய்?" என்று கேட்டால் அவன் போட்டிக்கு வருகிறான் என்று அர்த்தம். வாயை மூடிக்கொண்டு, அவன் யாருக்காக வாங்குகிறான் என்று கண்டுபிடிக்க வேண்டும். இருபது வருஷமாக இப்படித்தான் பிழைக்கிறேன். அந்தக் கேள்வியையும் நான் அப்படித்தான் படித்தேன். பதில் போடவில்லை. ஆளைத் தேடினேன்.

அந்தப் புனைபெயர்க்காரன் வரைந்தவற்றைத் தோண்டினேன். பக்கத்து ஊரான ராசிங்காபுரத்துத் தெருக்கள், அப்புறம் மலை உச்சித் தோட்டங்கள். ஏல நாட்களில் பகல் முழுக்க ஒரு கோடுகூட இல்லை. என் சந்தேகம் ஓர் ஆள் மேல் போய் உட்கார்ந்தது. ராசிங்காபுரத்துக்காரன், ஓர் எஸ்டேட்டின் ரைட்டர். ஆட்களை வேலை வாங்குவதும் சரக்கை ஏலத்துக்குக் கொண்டு வருவதும் அவன் சோலி. ஏலம் முடிந்தால் நேரே என் கடைக்குத்தான் வருவான். முதலாளிதான் இவனை ஏவிவிட்டிருக்கிறார் என்று முடிவு கட்டினேன். அடப்பாவி, என் டீயைக் குடித்துக்கொண்டே எனக்குக் குழி வெட்டுகிறாயா!

அடுத்த ஏலத்தன்று கடைக்கு வந்தான். நான் சாதாரணமாகப் பேச்சைப் போட்டேன்.

"மாப்ளே, மேல ஓடைப் பக்கம் அந்த மரப்பாலம் இடிஞ்சு கெடக்கு. நேத்துதான் பாத்துட்டு வர்றேன்."

"அய்யய்யோ, எப்ப பாய்? பொம்பளையாளுக அது வழியாத்தான வருவாக?"

"ஆமாப்பா. பாத்து வரச் சொல்லு."

"இப்பவே சொல்லிர்றேன்" என்றவன், பாதி டீயை வைத்துவிட்டு வெரசாகக் கிளம்பினான்.

பாலம் இடியவே இல்லை. நான் அந்தப் பொய்யை அவன் ஒருவனிடம்தான் சொல்லியிருந்தேன்.

மறுநாள் காலையில் வரைபடத்தைத் திறந்தேன். பாலத்தின் மேல் சிவப்புக் குறி. 'இடிந்துவிட்டது. யாரும் இந்த வழியில் போக வேண்டாம்.' குறித்தது அதே புனைபெயர். மாட்டினான் என்று துள்ளினேன். அந்தச் சூட்டோடு தேர்தல் பக்கத்தில் எழுதினேன்: கேள்வி கேட்டவர் இன்ன எஸ்டேட்டின் ரைட்டர், முதலாளிக்காக என்னைக் கவிழ்க்கப் பார்க்கிறார், இதோ ஆதாரம். எஸ்டேட்டின் பேர், ஆளின் பேர், ஒன்றையும் விடவில்லை. எழுதி முடித்தபோது நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது. வெட்கக்கேடு, ஆனால் அதுதான் உண்மை.

ஒரு மணி நேரத்தில் நிர்வாகிகள் அதை அழித்துவிட்டார்கள். என் வேட்புமனுவும் ரத்தானது. அதற்குள் யாரோ அதைப் படம் பிடித்து எஸ்டேட் முதலாளிக்கு அனுப்பியிருந்தார்கள். அவர் அந்தப் புனைபெயர் வரைந்ததையெல்லாம் எடுத்துப் பார்த்திருக்கிறார். பறிக்கப் போகும் பெண்களின் பாதையை, அழிக்க அழிக்க இரண்டு முறையும் திரும்ப வரைந்தது அந்த ரைட்டர்தான். முதலாளியின் சம்பளத்தை வாங்கிக்கொண்டே வரைந்திருக்கிறான். அன்றைக்கே வேலை போயிற்று. எஸ்டேட் குடியிருப்பையும் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள்.

அவன் வரைந்ததையெல்லாம் தோண்டியவன் நானும்தான். பாதையை மீட்டது யார் என்று அதில் இருந்திருக்கும். நான் அதைத் தேடவில்லை. போட்டிக்காரனைத் தேடினேன், அவ்வளவுதான்.

போன் போட்டேன். எடுக்கவில்லை. ராசிங்காபுரத்துக்குப் பஸ் ஏறிப் போனேன். அவன் மனைவி வாசலில் நின்று, "அவுக இல்ல" என்றார். உள்ளே அவன் இருமுவது கேட்டது. நான் தலையைக் குனிந்துகொண்டு திரும்பினேன்.

தேர்தல் முடிந்து புதிய குழு வந்ததும் அவர்கள் எடுத்த முதல் வழக்கு என்னுடையது. என்னை நிரந்தரமாக விலக்குவதா என்று முடிவு செய்யுமுன், பாதிக்கப்பட்டவர் என்ன சொல்கிறார் என்று அவனைக் கேட்டார்கள். அவன் எழுதி அனுப்பியதை என் பார்வைக்கும் வைத்தார்கள்.

'அவரை விலக்க வேண்டாம். எனக்கு இனி மலையில் சோலி இல்லை. அந்தப் பாதைகளை வரைய அவரை விட்டால் ஆள் கிடையாது. வேறு யாராவது அந்தக் கேள்வியைக் கேட்டு அவரை மடக்குவதற்கு முன்னால் அவர் வாயாலேயே பதில் வந்துவிடட்டும் என்றுதான் கேட்டேன். என் ஓட்டு அவருக்குத்தான் என்று இருந்தேன். ஒரு தப்பு என் பக்கமும் உண்டு. இத்தனை வருஷத்தில் கண்ணால் பார்க்காத எதையும் நான் குறித்ததில்லை, அந்தப் பாலத்தைத் தவிர. பாய் சொன்னார், அதனால் போய்ப் பார்க்கவில்லை.'