துவக்குக் குழலுக்குப் பூப்பார்த்த கதை

அந்தத் துவக்குக் குழலில் சுண்ணக்கட்டியால் போட்ட இரண்டு கோடுகள் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கின்றன. ஒன்று, இடது கை தாங்குகிற மரம் முடியும் இடத்தில். மற்றது, வாய்க்கு நாலு விரல் உள்ளே. அந்த இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருக்கிற இரும்பைக் கடைந்து மெலிவாக்கலாம் என்று பட்டறைக்காரர் வைத்த அடையாளம் அது. கடைவதா, அப்படியே விடுவதா என்று முடிவாக எங்கள் வீட்டில் ஐந்து மாதம் சென்றது. அந்த ஐந்து மாதமும் நான் மடியில் கட்டிக்கொண்டு திரிந்த ஒரு பொய்யைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் கணவரை நான் ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இங்கேயும் ‘இவர்’ என்றே எழுதுகிறேன். இவர் நீர்ப்பாசனப் பகுதியில் ஓவசியராக இருந்தவர். வன்னிக் குளங்களோடுதான் பாதிச் சீவியம். ஐம்பத்தாறாம் ஆண்டு, இவருக்கு மேலே இருந்த வெள்ளைக்காரத் துரை ஊரோடு சீமைக்குப் போகிறபோது, தன்னுடைய றைபிளை, அதுதான் இந்தத் துவக்கை, இவரிடம் விட்டுவிட்டுப் போனார். அரசாங்கக் கச்சேரியில் லைசென்ஸ் இவர் பெயருக்கு மாறியது. பென்சன் எடுத்த பிறகு கிளிநொச்சிக்கு அப்பால் இருந்த எங்கள் வயலை இவரே பார்த்தார். மாரி நெல்லான காலபோகத்தில் கதிர் முற்றுகிற இரண்டு மாதமும் பன்றிக்குக் காவலாக ஒரு கொட்டிலில் தனியாக இருப்பார். நான் பருத்தித்துறையில் விளக்கேற்றிக்கொண்டு இருப்பேன். நாங்கள் சைவம். எப்போதாவது ஒரு பன்றி விழுந்தால் அதை அங்கேயே அயலுக்குக் கொடுத்துவிட்டு, கிணற்றில் முழுகி, திருநீறு பூசிக்கொண்டுதான் இவர் எங்கள் வாசலை மிதிப்பார்.

ஒரு வருடம் குளக்கட்டில் சைக்கிளோடு விழுந்து இடது தோள் எலும்பு முறிந்தது. முறிவு வைத்தியர் பத்துப்போட்டுக் கட்டி எலும்பைப் பொருத்திவிட்டார். பலம் மட்டும் திரும்பவில்லை. சாப்பிட, உடுக்க, தேங்காய் உடைக்க எல்லாம் கை உதவியது. துவக்கைத் தூக்கி நீட்டினால் மட்டும், குழலின் வாய் குலை தள்ளிய வாழை மாதிரி மெல்ல மெல்லக் கீழே சாய்ந்தது. இவர் அதை ஒருவருக்கும் சொல்லவில்லை. கொல்லையில் நின்று தூக்கித் தூக்கிப் பார்த்ததை நான் அடுக்களை யன்னலால் கண்டேன்.

“இஞ்சாரும், இந்தக் குழல் தேவையில்லாத மொத்தம், பாரம். துரை என்னைவிட ஓரடி உயரம். அவருக்குச் செய்தது எனக்கு எப்பிடிச் சரிவரும்?” என்றார் ஒருநாள். பத்துப் பன்னிரண்டு வருடமாகச் சரிவந்தது இன்றைக்கு ஏன் சரிவரவில்லை என்று நான் கேட்கவில்லை.

துவக்கைச் சாக்கில் சுற்றிக்கொண்டு யாழ்ப்பாணம் போனோம். பட்டறைக்காரர் குருநகர்ப் பக்கத்து வேதக்காரர். கழுத்தில் அந்தோனியார் படம், இரண்டு காதிலும் இரும்புத்தூள். துவக்கை வாங்கிக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். பிறகு இவருடைய தோளைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. நல்ல மனிசன்.

“கடையலாம் ஐயா. நம்பர் அடிச்ச இடத்தைத் தொடமாட்டன். தொட்டால் கச்சேரியிலை ரெண்டுபேரும் கைகட்டி நிக்கவேணும். முக்கால் இறாத்தல் குறையும். ஆனா ஒண்டு. இரும்புக்குள்ளையும் ஒரு இறுக்கம் இருக்கு. மேல் இரும்பை எடுத்தால் அது தன்ரை பாட்டுக்கு ஒரு பக்கம் இழுக்கும். வெடி ஒரு சாண் விலத்திப் போகும். பிறகு வந்து, சீவினதைத் திருப்பி ஒட்டித் தா எண்டு நிக்கப்படாது.”

“வேறை வழி?” என்று நான் கேட்டேன்.

“ஒரு கவர்த்தடி நட்டு, அதிலை வைச்சுச் சுடலாம்.”

“நான் என்ன படுகிழவனோ?” என்று இவர் பாய்ந்தார்.

“அப்ப அம்மாவை முன்னுக்கு நிப்பாட்டி, அவவின்ரை தோளிலை வைச்சுச் சுடுங்கோ.”

“உவ நிண்டால் பன்றி வந்த மாதிரித்தான். உவவின்ரை திருநீற்றைக் கண்டால் பன்றியும் சைவமாப் போம்.”

இரண்டு ஆண்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பட்டறைக்காரர் சுண்ணக்கட்டி எடுத்து அந்த இரண்டு கோட்டையும் போட்டு, “யோசிச்சுப்போட்டு வாங்கோ” என்று துவக்கைத் திருப்பித் தந்தார்.

பஸ்ஸில் வரும்போது இவர், “நீர் என்ன சொல்லுறீர்?” என்று கேட்டார். கல்யாணம் முடித்து இருபத்தாறு வருடத்தில் துவக்கைப் பற்றி என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. குழல் மெலிந்தால் இவர் வன்னிக்குப் போவார். மெலியாவிட்டால் வீட்டில் இருப்பார். அந்தக் கையோடு, ஒருவரும் இல்லாத காட்டோரத்தில், இன்னொரு தரம் விழுந்தால் தூக்க ஆர் இருக்கிறார்கள்? குழலைப் பற்றியா இவர் கேட்டார்? இவரை விடுவதா, வைத்திருப்பதா என்றல்லவா கேட்டார்.

“பிள்ளையாரைக் கேப்பம்” என்றேன்.

எங்களில் அப்படி ஒரு வழக்கம். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் வேறுவேறாக இலையில் சுருட்டி வாழைநாரால் கட்டி, சுவாமிக்கு முன்னால் வைப்போம். ஐயர் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்துத் தருவார். எந்தப் பூவுக்கு எது பதில் என்பது கேட்கிறவர் மனதுக்குள் மட்டும் இருக்கும். வெள்ளிக்கிழமை காலை வெள்ளலரி ஒன்றும் செவ்வலரி ஒன்றும் பிடுங்கிக் கட்டினேன். வெள்ளை என்றால் கடையலாம், சிவப்பு என்றால் விடு. அப்படி நினைத்து வைத்துவிட்டு, “சிவப்பைத் தா அப்பனே” என்று மன்றாடினேன். கேள்வி கேட்கிறவள் பதிலையும் சொல்லிக் கொடுத்தேன். இவர் சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

ஐயர் அவிழ்த்த இலைக்குள் வெள்ளலரி இருந்தது.

“என்னவாம்?” என்று இவர் கேட்டார்.

“வேண்டாமாம்” என்றேன்.

கர்ப்பக்கிருகத்து விளக்கைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். என் குரல் கொஞ்சமும் தடுமாறவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பயம். இவர் ஒரு கணம் அந்தப் பூவைப் பார்த்தார். “பிள்ளையார் சொன்னால் சரி” என்று எடுத்துக் காதில் செருகிக்கொண்டு வெளிவீதி சுற்றப் போனார்.

அந்தக் காலபோகத்துக்கு இவர் போகவில்லை. வயலைக் குத்தகைக்காரர் பார்த்தார். பாதியைப் பன்றி பார்த்தது. நான் கேட்டது எனக்குக் கிடைத்துவிட்டது. காலையில் இவர் இருக்கிறார், மத்தியானம் இருக்கிறார், செருப்புச் சத்தம் கேட்கிறது. ஆனால் இருக்கிறவர் ஆள் வேறு. கிணற்றடிக்கும் படலைக்கும் நடந்தார். படித்த பேப்பரையே திருப்பிப் படித்தார். சந்தைக்குப் போகிறபோது என்னுடைய பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார். வன்னியிலிருந்து வந்தால் வாய் ஓயாமல் கதைக்கிறவர், என்ன கறி என்று கூடக் கேட்காமல் சாப்பிட்டு எழும்பினார். கிழமைக்கு ஒருதரம் அலுமாரியைத் திறந்து துவக்குக்கு எண்ணெய் போடுவார். ஒருநாள் கிட்டப்போய்ப் பார்த்தேன். குழல் முழுக்க மினுங்கியது. சுண்ணக்கட்டிக் கோடு இரண்டும் அழியாமல் இருந்தன. எண்ணெய்ச் சீலையை அந்த இரண்டு கோட்டிலும் படாமல் விலத்தி விலத்தித் துடைத்திருக்கிறார்.

அதைப் பார்த்த மறுநாள் விடிய எழும்பிக் கோயிலுக்குப் போய் நூற்றெட்டுத் தோப்புக்கரணம் போட்டேன். நாற்பத்தெட்டு வயதில் நூற்றெட்டு. அறுபதுக்குமேல் தூணைப் பிடித்துக்கொண்டு போட்டேன். பிள்ளையார் கணக்கில் எடுத்தாரோ தெரியாது.

வீட்டுக்கு வந்து படியேற முடியவில்லை. இவர் பேப்பரைத் தாழ்த்திப் பார்த்தார்.

“ஏன் நொண்டுறீர்?”

படியிலேயே இருந்துவிட்டேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. “இஞ்சாருங்கோ, அண்டைக்குப் பூவிலை...” என்று தொடங்கினேன்.

“வெள்ளை எண்டால் ஓம் எண்டுதானே?” என்றார் இவர்.

நான் நிமிர்ந்து இவரைப் பார்த்தேன்.

“கிணறு வெட்டக் கேட்டபோது வெள்ளை. பிள்ளையின்ரை சம்பந்தத்துக்குக் கேட்டபோதும் வெள்ளை. உமக்கு எப்பவும் வெள்ளைதான் ஓம். நான் பக்கத்திலைதானே நிண்டனான்.”

“அப்ப ஏன் ஒண்டும் சொல்லேல்லை?”

பேப்பரை மடித்தார். மடித்ததைத் திரும்பவும் மடித்தார். “நீர் பிள்ளையாருக்கு முன்னாலை பொய் சொல்லுறதெண்டால், உமக்கு எவ்வளவு பயம் இருக்கவேணும் எண்டு யோசிச்சன். அதுக்குமேலை போக எனக்கு மனம் வரேல்லை.”

இந்த ஐந்து மாதமும் இவர் வீட்டில் இருந்தது சுவாமி சொல்லுக்காக என்று நினைத்திருந்தேன். என் பயத்துக்காக இருந்திருக்கிறார். நூற்றெட்டுத் தோப்புக்கரணத்தையும் சொல்லி அன்று நான் அழுத அழுகைக்கு முழங்கால் நோ ஒரு சாட்டுத்தான்.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் நாங்கள் யாழ்ப்பாணம் போனோம். சாக்கில் சுற்றிய துவக்கை நான்தான் மடியில் வைத்திருந்தேன்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இவர் இன்னும் ஆறு காலபோகம் வன்னிக்குப் போனார். பட்டறைக்காரர் சொன்னபடியே வெடி விலத்தித்தான் போனது. ஆறு வருடத்தில் ஒரு பன்றி விழவில்லை. சத்தத்துக்கு ஓடியதோடு சரி. அதுவே காணும் என்பார் இவர். இவர் போய்ச் சேர்ந்த பிறகு துவக்கைச் சட்டப்படி கச்சேரியில் பாரங்கொடுத்துவிட்டேன். அலுமாரியில் அந்த இடத்தில் இப்போது என்னுடைய சேலைகள் இருக்கின்றன. ஆனால் வெள்ளிக்கிழமைகளில் வெள்ளலரி பிடுங்குகிறபோது எனக்கு நினைவு வருவது வன்னியோ பன்றியோ அல்ல. கடைந்த துவக்கை எடுக்கப் போன அந்தக் காலைதான்.

பட்டறை முற்றத்தில் இரும்புச் சுருள்கள் காலில் குத்தின. கடைந்த இடம் வெள்ளி மாதிரி இருந்தது. அதற்குக் கறுப்பு ஏற்ற இன்னொருநாள் வரவேண்டும் என்றார் பட்டறைக்காரர். இவருக்குப் பொறுமை இல்லை. வாங்கினவுடனே வெறுந்துவக்கைத் தோளில் வைத்து, மதிலுக்கு மேலே வானத்தைப் பார்த்து நீட்டினார்.

“இப்ப பாரும். நடுங்குதோ?”

நடுங்கியது. முன்பு மாதிரிச் சாயவில்லை. ஆனால் குழலின் வாய் காற்றில் சின்னச் சின்ன வட்டம் போட்டது. பட்டறைக்காரர் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தும்புத்தடியை எடுத்து, கூட்டின இடத்தையே கூட்டினார்.

“இல்லை. கொஞ்சமும் நடுங்கேல்லை” என்றேன்.

இவர் கன்னத்தைத் துவக்கிலிருந்து எடுக்கவில்லை. மீசை மட்டும் அசைந்தது.

“இதுக்கு எத்தினை தோப்புக்கரணம்?”

“ஒண்டும் இல்லை” என்றேன். “இந்தமுறை வன்னிக்கு நானும் வாறன்.”