ஜிஷாவின் விரல் தொப்பி

இடது கையின் நடுவிரலையும் மோதிர விரலையும் ரப்பர் பாலில் முக்கி எடுத்து, ஊதி ஊதிக் காய வைக்கிறார் ஜிஷா. காய்ந்ததும் மறுபடி ஒரு முக்கு. பக்கத்தில் ரப்பர் கட்டியை ரோலரில் நசுக்கி ஷீட் அடிக்கிற மெஷின் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த இரைச்சலையும் மீறி, ஜன்னல் கம்பியில் தொங்கும் ஸ்பீக்கரில் ஒரு வெள்ளைக்காரர் தொண்டை கிழியக் கத்துகிறார். உறைந்த ரப்பர் பால் கட்டிகளோடு வாசலில் நிற்கும் நானும் கத்தித்தான் கூப்பிட வேண்டியிருக்கிறது.

அருமனைப் பக்கம் எங்கள் ஊரில் ரப்பர் வைத்திருப்பவர்கள் பலருக்கும் ஷீட் அடித்துக் கொடுப்பது இவர் வீட்டு மெஷின்தான். ஜிஷாவுக்கு ராக், மெட்டல் என்று காதைக் கிழிக்கிற பாட்டுப் பைத்தியம் பிடித்ததும் இந்த மெஷினால்தான். “மெல்லிசை போட்டா மெஷினு அதத் தின்னுரும் அண்ணே. இதுதான் மெஷினத் தின்னும்” என்பார். ஆனால் கேட்பதோடு நிற்கிற ஆளா? கார் விபத்தில் ஒரு கையை இழந்த டிரம்ஸ்காரர் மிச்ச வேலையைக் காலுக்குக் கொடுத்து மேடைக்குத் திரும்பிய கதையைச் சொன்னால், சொந்தச் சித்தப்பா மகனுக்கு நடந்ததுபோல் கண் கலங்கும். ஷீட்டுக்கு வந்தவன் கதை முடியாமல் வீடு போக முடியாது.

பள்ளிக்கூட நாளிலிருந்து எங்கள் சர்ச் கொயருக்கு ஜிஷாதான் கிட்டார். போன வருடம் அந்த இரண்டு விரல்களின் நுனியும் ரோலருக்குள் போயின. பாட்டுதான் காரணம் என்று ஊர் முடிவு கட்டியது. ஜிஷா ஒத்துக்கொள்ளவில்லை. “பாட்டுக்க மேல எதுக்குப் பழி? மோட்டார நிறுத்தாம ஷீட்ட இழுத்தேன். அது எனக்க புத்திமோசம்.” அதன்பிறகு மெஷினுக்குக் கட்டி கொடுப்பது கணவர் ஆன்ட்ரூஸ்.

கொயர் மாஸ்டர் ஜான்ரோஸ் இளகிய மனசுக்காரர். ஜிஷா சும்மா உட்கார்ந்திருக்கக் கூடாது என்று குலுக்கித் தட்டுகிற டம்பரினைக் கையில் கொடுத்தார். அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் துக்க வீட்டில் யாரோ நீட்டிய கட்டன்காப்பியைப் போலத்தான் ஜிஷா அதைப் பிடித்துக்கொண்டிருந்தார். பார்க்க எனக்குச் சங்கடமாக இருக்கும்.

ஒருநாள் ஷீட்டை வாங்கப் போனபோது ஆள் துள்ளிக்கொண்டு வந்தார். “அண்ணே, டோனி அயோமிய அறியுமா?” நான் அறியேன். இங்கிலாந்தில் தகரப் பட்டறை ஒன்றில், வேலையை விட்டு நிற்கிற கடைசி நாளில், மெஷினுக்கு இரண்டு விரல் நுனியைக் கொடுத்த கிட்டார்காரப் பையனாம். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்தான். பிற்பாடு விரல் நோகாதபடி கம்பிகளையும் தளர்த்தினான். அந்தக் கனத்த சத்தத்திலிருந்துதான் மெட்டல் வளர்ந்தது. சொல்லி முடித்து, “அவனுக்கு ரப்பர் மரம் இல்ல. எனக்கு உண்டும்லா?” என்றார்.

மரம் இருந்தால் போதுமா? முதல் தொப்பி கம்பியிலேயே ஒட்டிக்கொண்டது. புகையில் போட்டது முறுகிப்போனது. ஆசிட் கலந்ததன் நாற்றத்துக்கு ஆன்ட்ரூஸ் சோற்றுத் தட்டோடு முற்றத்துக்கு ஓடினார். கடைசியில் வெளியே ஷாம்பு பாட்டில் துண்டு, அதன்மேல் பழைய பர்ஸின் தோல், உள்ளே விரலைக் கவ்விப் பிடிக்க ரப்பர் பால் என்று முடிந்தது. வேர்வையில் உள்பக்கம் இளகிவிடும் என்பதால் இந்த முக்கல் அடிக்கடி நடக்கும்.

போன வாரம் கிறிஸ்துமஸ் பாட்டுப் பயிற்சிக்கு ஜிஷா கிட்டாரோடு வந்தார். நானும் கொயரில் பின்வரிசைக்காரன். அவர் கம்பியை ஒருமுறை மீட்டியதும், ஜான்ரோஸ் கீபோர்டில் ஒரு கட்டையைத் தொட்டுப் பார்த்து முகம் சுளித்தார்.

“சுதி எறங்கிக் கெடக்கே மக்கா. கீபோர்டு ஒரு வழி, நீ ஒரு வழியா?”

“கம்பிய இறுக்கினா வெரலு தாங்காது அண்ணே.”

“கிறிஸ்மஸுக்கு சனம் கூடுமில்லியா? இந்தத் தவணையும் டம்பரின் பிடி. பெறகு பாப்போம்.”

பிறகு பார்ப்போம் என்றால் என்ன அர்த்தமென்று எல்லோருக்கும் தெரியும். ஜிஷாவின் முகம் சுருங்கியது. ஆனால் கிட்டாரைக் கழற்றவில்லை. “ஒருக்கா வாசிக்கேன். கேட்டுட்டுச் சொல்லுங்க” என்று, பதிலுக்குக் காத்திராமல் தொடங்கினார்.

முதல் வரியில் ஒரு தொப்பி வழுக்கியது. வாயால் கடித்துச் சரிசெய்துகொண்டு மறுபடி தொடங்கினார். கனமாக, தாழ்வாக வந்தது சத்தம். ஜான்ரோஸின் சுருதிக்கு எட்டாமல் வருடக்கணக்காக வாயை மட்டும் அசைத்துவந்த ஏசுஅடிமை அண்ணன், என் பக்கத்தில் திடீரென்று வாய்விட்டுப் பாடினார். அவர் குரல் இவ்வளவு நன்றாக இருக்கும் என்று அவர் மனைவிக்கே தெரிந்திருக்காது. நானும் சேர்ந்துகொண்டேன். கழுத்து நரம்பு புடைக்காமல் நான் பாடிய முதல் கிறிஸ்துமஸ் பாட்டு அது. பின்வரிசை முழுக்க எழுந்து நின்றுவிட்டது.

பாட்டு முடிந்தது. ஜிஷா தொப்பிகளை அழுத்திப் பிடித்தபடி ஜான்ரோஸையே பார்த்தார். அவர் எங்களைப் பார்த்தார், ஏசுஅடிமை அண்ணனைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார். பிறகு கீபோர்டின்மேல் குனிந்து, சுருதி இறக்குகிற பொத்தானை ஒரு தடவை அமுக்கி, ஜிஷாவின் கிட்டாரோடு ஒத்துப் பார்த்து, இன்னொரு தடவை அமுக்கினார்.