ஷெர்வின் வைத்த பெயர்

உத்தமனுக்கு ஆபீசில் வேலையே பேக்கப் எடுப்பதுதான். அடுத்தவன் கம்பெனித் தகவலை ஆறு வருடமாக அடைகாத்து வந்தவன் அவன். முதலில் காப்பி, அதைத் திறந்து பார்த்த பிறகே ரீசெட் என்று புதிதாக வருபவர்களுக்கெல்லாம் பாடம் எடுப்பான். வாத்தியார் பிள்ளை மக்கு என்பார்கள். இங்கே வாத்தியாரே மக்கு.

வாணியம்பாடியிலிருந்து வேலைக்கு வந்து எலெக்ட்ரானிக் சிட்டி பி.ஜி. விடுதியில் தங்கிய மறு வருடமே ஊரடங்கு. கூட வேலை பார்த்த வனஜாவும் ஷெர்வினும் அவனும் சேர்ந்து, அவனுடைய பழைய கம்ப்யூட்டரில் கட்டை அடுக்கி ஊர் கட்டும் விளையாட்டுக்கு ஒரு சர்வர் போட்டார்கள். ஷெர்வின் தன் வீடு இருக்கும் ஜீவனஹள்ளிச் சந்து முழுவதையும் வீடு வீடாகக் கட்டினான். வனஜா முனையில் போண்டா கடை வைத்தாள். உத்தமன் ஏரி வெட்டினான். வெளியே தலை காட்ட முடியாத அந்த மாதங்களில் மூவரும் அந்தச் சந்தில்தான் வாழ்ந்தார்கள். அதற்குப் பிறகு அத்தனை சந்தோஷமாக அவன் இருந்ததே இல்லை.

பிறகு ஷெர்வின் கனடா போனான், பேச்சும் குறைந்தது. உத்தமன் வைட்ஃபீல்டுக்குக் குடிமாறினான். சர்வரை மட்டும் அணைக்கவில்லை.

போன ஞாயிறு, புது வெர்ஷனுக்காக அந்த விளையாட்டு உலகத்தையே புதிதாகத் தொடங்க வேண்டியிருந்தது. பழைய உலகத்தைக் காப்பி எடுக்க இடம் போதவில்லை. ‘பேக்கு’ என்று ஒரு ஃபோல்டர் கிடந்தது. ஷெர்வின் அவனைக் கூப்பிடும் செல்லப் பெயரே அதுதான். ஏதோ கிண்டல் என்று சிரித்துக்கொண்டே அழித்தான்.

காப்பி எடுக்கும் நேரம் வனஜா விளையாட்டுக்குள்ளே இருந்தாள், கடைசியாக ஒரு சுற்று பார்க்கிறேன் என்று. சர்வரை நிறுத்திவிட்டுத்தான் காப்பி எடுக்க வேண்டும், இல்லையென்றால் காப்பி கெட்டுப்போகும். அவளை வெளியே போகச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. ஓடும்போதே எடுத்தான். அவள் வெளியேறியதும், எடுத்ததைத் திறந்து பார்க்காமலே ரீசெட்டும் செய்தான். சாயங்காலம் திறந்தால் காப்பி திறக்கவே இல்லை.

மூன்று வருடமாகப் போனில் பேசாத ஷெர்வினுக்குப் போன் போட்டு, பழைய உலகம் போய்விட்டது என்றான். ஷெர்வின் அலட்டிக்கொள்ளவே இல்லை.

“கெளம்புறதுக்கு முந்தி முழுசா ஒரு காப்பி எடுத்து வெச்சேனே மச்சா. ‘பேக்கு’ன்னு பேரு.”

“அது என்னைத் திட்டி வெச்ச பேருன்னு நெனச்சேன்டா.”

“கன்னட பேக்குடா. ‘வேணும்’னு அர்த்தம்.”

இந்த ஊரில் காய்கறிக்காரரிடமும் கண்டக்டரிடமும் உத்தமனே தினம் நூறு தடவை சொல்லும் சொல். அழித்துவிட்டதை உத்தமன் தட்டுத்தடுமாறிச் சொன்னான்.

“அந்தச் சந்துல இருந்த எங்க வீட்ட வித்து இடிச்சிட்டாங்கடா. காப்பி உன்கிட்ட இருக்குதுன்னு நெனச்சுதான் நான் ஒரு தடவ கூட கேக்கல.”

உத்தமன் மன்னிப்புக் கேட்டான். வேறென்ன செய்வதென்று தெரியாமல் புது உலகத்தின் முகவரியை அனுப்பினான். ஷெர்வின் வந்தான். வனஜாவும் வந்தாள். வெறும் புல்வெளியில் மூவரும் நின்றார்கள்.

தன் கடை எந்தப் பக்கம் இருந்தது என்று வனஜா கேட்டாள். இது வேறு மண் என்று சொல்ல மனம் வராமல், ஷெர்வின் ஒரு திசையில் நடக்க ஆரம்பித்தான். இருவரும் பின்னால் போனார்கள்.