சத்தமில்லாமல் ஓடிய சீரியல்

எங்கள் லைனில் பத்து வீடுகள். பத்துக்கும் சேர்த்து ஒரே தகரக் கூரை. வீட்டுக்கு வீடு சுவர் உண்டு, ஆனால் அது கூரையைத் தொடாது. மேலே ஒரு முழம் இடைவெளி விட்டுத்தான் அந்தக் காலத்தில் சுரங்கத் தொழிலாளிகளுக்குக் கட்டியிருக்கிறார்கள். மூன்றாம் வீட்டில் தும்மினால் ஏழாம் வீட்டில் விசாரிப்பார்கள். கோலார் தங்கவயலின் மாரிகுப்பத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு இது ஒரு குறையாகவே தெரிந்ததில்லை, என் மகள் பிறக்கும் வரை.

அவளுக்கு ஆட்டிசம். இந்தக் கதை நடந்தபோது ஒன்பது வயது. பேச்சு வரவில்லை. மழையின் சத்தம் அவளுக்குப் பிடிக்கும்; தகரத்தில் கல்லடி போல விழுந்தாலும் சிரிப்பாள். ஆனால் மிக்ஸி ஆகாது, குக்கர் விசில் ஆகாது. கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு அலறுவாள், அதுவும் போதாவிட்டால் தலையைச் சுவரில் மோதுவாள். மிக்ஸியை நான் கட்டி மேலே போட்டுவிட்டேன். குக்கரும் கிடையாது, பானைச் சோறுதான். என் வீட்டுச் சத்தம் என் கையில் இருந்தது.

அப்போதுதான் டிவியில் ஏழரை மணிக்கு அந்தக் குடும்ப சீரியல் வந்தது. அதில் ஆட்டிசம் உள்ள ஒரு சின்னப் பெண். ஊரே உட்கார்ந்து பார்த்தது. தொடங்கும்போது ஒரு பாட்டு: பத்து வயலின் ஒன்றாகக் கிறீச்சிடும், பின்னாலேயே ஓர் இடி. அது மற்ற ஒன்பது வீட்டு டிவியிலும் ஒரே நேரத்தில் கிளம்பி, சுவருக்கு மேலிருந்த இடைவெளி வழியாக எங்கள் வீட்டில் வந்து இறங்கும். முதல் நாளே மகள் கட்டிலுக்கு அடியில் போய்விட்டாள். மூன்றாம் நாள் நெற்றி புடைத்துவிட்டது.

ஆட்டிசம் குழந்தைக்காக ஊரை அழவைத்த கதை, என் ஆட்டிசம் குழந்தையை வீட்டைவிட்டு விரட்டியது. தினமும் ஏழேகாலுக்குச் செருப்பை மாட்டி அவளை ரயில் நிலையம் வரை நடத்திக்கொண்டு போவேன். எட்டு மணிக்குத் திரும்புவோம்.

என் கணவர் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்புகிறவர். புடைத்த நெற்றியைப் பார்த்ததிலிருந்து கே.ஆர்.புரத்தில் வீடு தேட ஆரம்பித்துவிட்டார். கிடைத்தும்விட்டது, மாடி வீடு. அங்கே சுவர் கூரை வரைக்கும் போகும் என்றார். மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

எனக்கு மனமே இல்லை. இங்கே அவள் பத்து வீட்டில் எதற்குள்ளும் போவாள். யாராவது கையில் ஒரு பிஸ்கட்டைக் கொடுத்து உட்காரவைப்பார்கள், பிறகு கொண்டுவந்து விடுவார்கள். அங்கே கதவைப் பூட்டித்தான் அவளை வளர்க்க வேண்டும். ஆனால் வெளியே போக முடியாத ஒவ்வொரு நாளும் ஏழரைக்கு அவள் போட்ட அலறல் கணவருடைய கட்சியில் இருந்தது.

இதற்கு நடுவே லைன் முழுக்க ஆட்டிசம் நிபுணர்கள் முளைத்துவிட்டார்கள். ஏழாம் வீட்டுக்காரி குழாயடியில் என்னை நிறுத்தி, இந்த மாதிரிப் பிள்ளைகள் கண்ணைப் பார்த்துப் பேசமாட்டார்களாம், உனக்குத் தெரியுமா என்று கேட்டாள். குடத்தைக் கீழே வைத்துவிட்டேன். கையில் இருந்தால் என்ன செய்திருப்பேனோ. ராபர்ட்சன்பேட்டையில் நான் வேலை பார்க்கும் மருந்துக் கடைக்கு ஒருவர் வந்து, சீரியலில் டாக்டரம்மா எழுதிக் கொடுத்த டானிக் இருக்கிறதா என்றார். அவருக்குப் பேரனாம், பேச்சு வரவில்லையாம். அவர்மேல் கோபப்பட முடியவில்லை.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நானும் பார்த்தேன். மதியம் கடையில் ஆள் இல்லாதபோது, காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு போனில்; பணம் கட்டினால் அன்றைய பகுதி அதில் காலையிலேயே வந்துவிடும். அந்தப் பெண் பேசிவிடுவாளா என்று தெரிந்துகொள்ளத்தான். வேறு எதற்கும் இல்லை.

லைனில் எல்லோரும் ஒரே சபை. சனிக்கிழமைதோறும் வீட்டு ஜெபம் நடக்கும். வாரம் ஒரு வீடு என்று முறை. பாட்டும் வாசிப்பும் முடிந்தபின் ஒவ்வொருவரும் ஜெபக் குறிப்பு சொல்வார்கள்: மகனுக்கு வேலை, மூட்டு வலி, பெண்ணுக்கு வரன். அந்தச் சனிக்கிழமை முறை எங்கள் வீடு. பக்கத்து வீட்டு ஆன்ட்டி கண்ணை மூடிக்கொண்டு, உருகி உருகி, சீரியலில் வரும் அந்தக் குழந்தை இந்த வருடத்துக்குள் வாய் திறந்து பேச வேண்டும், அதன் தாயின் கண்ணீரைக் கர்த்தர் துடைக்க வேண்டும் என்று குறிப்பு சொன்னார். எல்லோரும் ஆமென் என்றார்கள். மெய்யாகவே அழுதார்கள். என் மகள் அடுத்த அறையில் ஒரு டப்பா மூடியைச் சுழற்றிக்கொண்டிருந்தாள்.

எனக்கு முன்கோபம் உண்டு. எங்கள் வீட்டில் எல்லோருக்குமே உண்டு. ஆனால் அன்றைக்கு வந்தது அந்தக் கோபம் இல்லை.

"ஆன்ட்டி, அந்தப் புள்ள சம்பளம் வாங்கிக்கினு நடிக்குது. ஷூட்டிங் முடிஞ்சா வூட்டுக்குப் போய் வாய் ஓயாம பேசும். என் புள்ள இதோ இங்கதான் கீறா. ஏழரைக்கு அவ இன்னாத்துக்குக் கத்தறான்னு யாராச்சும் கேட்டீங்களா? உங்க டிவிதான். ஒம்போது வூட்டு டிவியும்தான்."

எல்லோரும் எழுந்து, டீயைக்கூடக் குடிக்காமல் போனார்கள். அன்று முழுக்க நான் சரியாகத்தான் சொன்னேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். மறுநாள் ஞாயிறு ஆராதனையில் ஒருவரும் முகம் கொடுக்கவில்லை. கே.ஆர்.புரத்துக்கு வழியை நானே போட்டுக் கொடுத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை நல்ல மழை. வெளியே போக முடியாது. ஏழரை ஆகும் முன்பே மகளின் இரண்டு காதையும் என் கையால் பொத்தி, மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். மணி ஏழு முப்பத்தைந்து ஆயிற்று. பாட்டு வரவில்லை. மழைதான் கேட்டது. அவள் என் கையைத் தள்ளிவிட்டு டப்பா மூடியைத் தேடிப் போனாள்.

கதவைத் திறந்து பார்த்தேன். எட்டு வீடுகள் இருட்டாக இருந்தன. பக்கத்து வீட்டில் மட்டும் வெளிச்சம், வாசல் முழுக்கச் செருப்புகள். உள்ளே லைனே உட்கார்ந்திருந்தது. டிவி ஓடிக்கொண்டிருந்தது, சத்தம் இல்லாமல். அதன் எதிரில் முக்காலி போட்டு உட்கார்ந்து ஆன்ட்டியின் வீட்டுக்காரர், அங்கிள், வசனம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அங்கிள் நந்திதுர்க் மைனில், தங்கச் சுரங்கத்தில், டிரில்லிங் மிஷின் ஓட்டியவர். காதை அங்கேயே விட்டுவிட்டு வந்தவர். பூமிக்கு அடியில் லெவலில் மிஷின் ஓடும்போது பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் கேட்காதாம். தலை விளக்கு வெளிச்சத்தில் வாயசைவைப் பார்த்தே பேசிக்கொள்வார்களாம். இத்தனை வருடமும் ஆன்ட்டி அவருக்காகத்தான் டிவியை அலறவிட்டார் என்று நான் நினைத்திருந்தேன். அவருக்கு அது தேவையே இல்லை. அவர் பாட்டுக்கு வாயைப் பார்த்துக் கதையைப் படித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"மாமியாக்காரி கேக்கறா, நகை எங்க. மருமவ சொல்றா, எனக்கு இன்னா தெரியும்." எல்லோருக்கும் ஒரே குரல், நீட்டலும் இல்லை, குழைவும் இல்லை. பாதி அவராகச் சேர்த்தது. மதியம் போனில் கேட்டவள் நான் ஒருத்திதானே, எனக்குத் தெரியும். ஒரு வக்கீலை இரண்டு வாரம் டாக்டராகவே வைத்திருந்தார். நான் காட்டிக் கொடுக்கவில்லை.

என்னிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. ஆன்ட்டி நகர்ந்து இடம் விட்டு, ஒரு கதைக்கு ஒன்பது டிவி எதற்கு என்று மட்டும் சொன்னார். அந்த நிமிடம் அவர் காலில் விழுந்திருப்பேன், இடம் இருந்திருந்தால்.

பிறகு தினமும் அப்படித்தான். பத்து நாளில் என் மகளும் அங்கே போக ஆரம்பித்தாள். டிவியை அவள் பார்க்கவே மாட்டாள். அங்கிளின் முக்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவர் துண்டின் நூலைப் பிரித்துக்கொண்டிருப்பாள். தினம் ஒரு துண்டு நாசம்.

மாதக் கடைசி வாரம், சீரியலில் அந்தப் பெண் பேசப்போகிறாள் என்று விளம்பரம் போட்டார்கள். லைனில் அதே பேச்சு. மதியம் நான் போனில் பார்க்கவில்லை. தைரியம் இல்லை. மாலையில் மகளைக் கூட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனேன். இத்தனை பேர் அழுது ஜெபித்தது நடக்கப்போகிறது. நடந்தபின் என் மகளை எந்தக் கண்ணால் பார்ப்பார்கள் என்பதுதான் என் பயம். அந்தப் புள்ளைக்கு ஆச்சே, உன் புள்ளைக்கு ஏன் ஆகல என்று ஒருத்தி கேட்டுவிட்டால் போதும், நானே பெட்டி கட்டிவிடுவேன்.

கதையில் தாய் படிக்கட்டில் உருண்டு விழுந்தாள். அந்தப் பெண் ஓடி வந்தாள். அவள் முகம் திரை முழுக்க வந்தது. உதடு இரண்டும் சேர்ந்து, பிரிந்தன. மறுபடியும் சேர்ந்து, பிரிந்தன. அதைப் படிக்க மைனில் வேலை செய்திருக்க வேண்டியதில்லை. பெற்றவள் யாருக்கும் தெரியும். ஒன்பது வருடமாக ஒரு வாயில் நான் தேடிய அசைவு அது. ஒரு நடிகைமேல் எனக்கு வயிறு எரிந்தது.

அங்கிள் எதுவும் சொல்லவில்லை. ஏழாம் வீட்டுக்காரிக்குப் பொறுக்கவில்லை. அவர் பார்க்கும்படி முகத்தைத் திருப்பி, இன்னா சொல்லுச்சு என்று கேட்டாள். அவர் டிவியைப் பார்த்தார், கீழே நூல் பிரித்துக்கொண்டிருந்தவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஒண்ணியும் சொல்லல. எப்பவும் போலத்தான் கீது. நல்லாத்தான் கீது."

எல்லோரும் பார்த்திருந்தார்கள். ஒருவர்கூட மறுக்கவில்லை. அந்தக் குழந்தை பேச வேண்டும் என்று என் வீட்டில் உட்கார்ந்து அழுத ஆன்ட்டி, ஆமாம், ஒன்றும் சொல்லவில்லை என்று ரிமோட்டை எடுத்து டிவியை அணைத்துவிட்டு, என் மகளுக்குப் பிஸ்கட் எடுக்க எழுந்து போனார்.

கணவர் ரயிலைவிட்டு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. கே.ஆர்.புரத்து வீடு வேண்டாம் என்று சொல்லிவிடச் சொன்னேன். ஏன், என்ன ஆயிற்று என்று கேட்டார். அழுதுகொண்டேதான் சொன்னேன். 

"பக்கத்து வூட்டு அங்கிள் இன்னிக்கு நம்ம புள்ளைக்காக ஒரு பொய் சொன்னாருங்க. லைனே சேந்து சொல்லுச்சு."